பேனா தூக்கின பன்னெண்டு செகண்டு

பார்லிமென்ட் கமிட்டியில பேசுறத சுருக்கெழுத்துல எழுதுற ஜெசிந்தாவோட பேனா காகிதத்துல இருந்து ஒரு அரிசி ஒசரம் எழும்பி நின்னுச்சு. அவ்ளோதான், போச்சு, எல்லாம் போச்சு. மணி பதினொண்ணு இருபத்திரெண்டு. எதிர்ல, புயல் நிவாரண வேலையப் பத்தி சாட்சி சொல்ல வந்த மிலிட்டரி பிரிகேடியர் பேசிக்கிட்டேதான் இருக்காரு, வாய் அசையுது, காது கேக்குது, ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா உள்ள வந்து விழுது, கை மட்டும் எழுதல. ஏன்னா அவரு அந்த விஷயத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லேசா முன்னால சாஞ்சு, சொந்தக்காரங்ககிட்ட வீட்டு விஷயம் பேசுற குரல்ல, "இது பதிவுக்கு வேணாம், மெம்பர்ஸ் காதுக்கு மட்டும்"னு ஒரு வார்த்தை போட்டாரு. அது காதுல விழுந்ததும் கை தானா எழும்பிருச்சு. சூடு பட்டா கை தன்னால இழுத்துக்குமே, அப்படி. ஆனா சட்டம் அது இல்லங்க! அந்த ரூம்ல எத எழுதணும் எத எழுதக்கூடாதுன்னு சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம், நடு நாற்காலியில உக்காந்திருக்குற கமிட்டித் தலைவர். சாட்சி சொன்னா செல்லாது. தலைவர் வாயத் தொறந்து "எழுதாதீங்க"ன்னு சொல்ற வரைக்கும் பேனா ஓடிக்கிட்டே இருக்கணும், பயிற்சியில மொத நாளே இதத்தான் சொல்லிக்குடுப்பாங்க. தலைவர் சொன்னாரா? சொல்லல. அந்த நேரத்துல அவரு டீயில முக்கின பிஸ்கட்டு பாதியில ஒடஞ்சு கப்புக்குள்ள விழுந்துட்டதால, அது கரையறதுக்குள்ள வெளிய எடுத்துரணும்னு ஸ்பூனால துழாவிக்கிட்டு இருந்தாரு. பன்னெண்டு செகண்டு. பிரிகேடியர் சொல்லி முடிச்சிட்டாரு. கேள்வி கேட்ட வயசான மெம்பர் தலைய ஆட்டிட்டு, பேப்பர்ல அடுத்த வரிக்கு வெரல நகர்த்தி, "கம்பளி எத்தன குடுத்தீங்க?"ன்னாரு. கம்பளின்னதும் ஜெசிந்தாவோட கை கீழ எறங்கி, ரொம்ப சமத்தா, கம்பளின்னு எழுதுச்சு.

கம்பளி நாலாயிரத்து எரநூறு. தார்ப்பாய் ஆயிரத்து அறநூறு. கை எழுதிட்டே போகுது, அழகா, கோடு வளைவு புள்ளி, ஒண்ணு கூட பெசகல, இந்தக் கைய என்ன செய்யலாம், கதவு இடுக்குல வெச்சு நசுக்கலாமா. அவரு என்ன சொன்னாரு? தாசில்தார் வந்து சேர்றப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு, சுடச் சொன்னது எங்க மேஜர், தாசில்தார்கிட்ட கையெழுத்து அப்புறமா வாங்கிக்கிட்டோம். இதத்தான் சொன்னாரு. ரூம்ல பதினாலு மெம்பருங்க இருக்காங்க, பதினாலு பேரு காதுலயும் விழுந்துச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஒருத்தரு முந்திரிப்பருப்புத் தட்டுல உடைஞ்சத ஒதுக்கிட்டு முழுசாப் பொறுக்குறாரு. பதினஞ்சாவதா ஒருத்தரு வருகைப் பதிவுல கையெழுத்தப் போட்டுட்டு பத்து மணிக்கே வெளிய போயிட்டாரு, அவரோட பேர்ப்பலகை மட்டும் ரொம்ப அக்கறையாக் கேட்டுக்கிட்டு இருக்கு. படகு முப்பத்தெட்டு. ஊதுற படகு பன்னெண்டு. பன்னெண்டு செகண்டு. அலையந்துறையில புயல் அடிச்சு ஏழாம் நாளு. தண்ணி லாரிய மிலிட்டரி கொண்டாந்து சர்ச்சுக்குப் பின்னாடி மைதானத்துல நிறுத்துச்சு, சனம் கொடத்தத் தூக்கிட்டு ஓடுச்சு, தள்ளுமுள்ளு, சுட்டாங்க, ஏழு பேரு. அதுல ஒருத்தன் தொம்மை. ஜெசிந்தாவோட கூடப்பொறந்த அண்ணன். இது அந்த ரூம்ல யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா இந்த நாற்காலியில உக்கார விட்டிருக்கவே மாட்டாங்க. கூட்டத்த சுட உத்தரவு குடுக்க வேண்டியது சிவில் அதிகாரியான தாசில்தார், அவரு ஒரு அறிக்கை எழுதியிருக்காரு. "நான் மைதானத்தில் நேரில் இருந்தேன், தொம்மை என்பவன் ஜவானின் துப்பாக்கியைப் பிடுங்கப் பாய்ந்ததை என் கண்ணால் கண்டேன், வேறு வழியின்றிச் சுட உத்தரவிட்டேன்." மொத்த வழக்கும் இந்த ஒரு காயிதத்து மேலதான் நிக்குது. தொம்மை பாய்ஞ்சான்னு சொல்றது அந்த ஒரு கண்ணு மட்டுந்தான். அந்தக் கண்ணு அங்க இல்லவே இல்லன்னா? அப்ப தொம்மை பாயல. வெறும் கொடம் வெச்சிட்டு நின்னவன். ரொட்டிப் பொட்டலம் ஒம்பதாயிரம். குளோரின் மாத்திரை. மாத்திரை எத்தனன்னு சொன்னாரு? பதறாத, கை எழுதியிருக்கும். கை எல்லாத்தயும் எழுதும். அது ஒண்ணத் தவிர.

அடுத்த ஆளு பூனை மாதிரி வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்து, கடைசி வாக்கியத்த ரெண்டு பேரும் சேந்து எழுதி, இவ எந்திரிச்சா. ஆளுக்கு அஞ்சு நிமிஷம் உள்ள, அப்புறம் வெளிய போய் அரை மணி நேரத்துல டைப் அடிச்சுக் குடுக்கணும், இப்படி எட்டு பேரு மாத்தி மாத்தி. சாதாரணக் கூட்டம்னா டேப்பும் ஓடும், தப்பு விட்டா போட்டுக் கேட்டுக்கலாம். மிலிட்டரி விஷயம்னா டேப் கெடையாது, போன் கெடையாது, ரகசியம், பேனா மட்டுந்தான். இந்தப் பேனால என்ன விழுதோ அதுதான் நடந்தது. விழாதது நடக்கல. கமிட்டி அறிக்கை எழுதுறப்போ, மிலிட்டரிய நாட்டுக்குள்ள எறக்கினப்போ சிவில் அதிகாரி கூட இருந்தாரான்னு தேடுறப்போ, இந்தக் காயிதத்தத்தான் பொரட்டுவாங்க. அதுல கம்பளி இருக்கும். காரிடார்ல சிவப்புக் கம்பளம், செருப்பு சத்தமே வராது, நடக்குறோமா நிக்கிறோமான்னே தெரியாது. இந்த அஞ்சு நிமிஷத்துக்காக அவ என்னல்லாம் பண்ணா தெரியுமா! கேள்விப் பட்டியல்ல சுட்ட விஷயம் பதினாலாவது கேள்வி. ஒரு கேள்விக்கு ஆறு நிமிஷம்னு வெச்சா, கூட்டம் பத்துக்கு ஆரம்பிச்சா, எந்த டர்ன்ல வரும்னு காலண்டர் பின்னாடி கோடு போட்டுப் பாத்தா. தனக்கு வரலன்னதும் கூட வேல செய்றவள்கிட்ட, "எனக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்குடி, உன் டர்ன எனக்குக் குடு"ன்னு பொய் சொல்லி மாத்திக்கிட்டா. நேத்து சாயங்காலம் மாதா கோயில்ல முட்டி போட்டு, நான் அங்க இருக்கணும், அந்தப் பதில என் கையால எழுதணும்னு கேட்டா. கேட்டது அப்படியே கெடச்சுது. ஒரு நூல் பெசகாம கெடச்சுது! அந்த எடத்துல வேற யாரு உக்காந்திருந்தாலும், ஏன், போன மாசம் வேலைக்கு சேந்த பொண்ணு உக்காந்திருந்தாக் கூட, பயத்துல எல்லாத்தயும் எழுதித் தள்ளியிருக்கும். பழகின கைதான் தூக்கும். ஒம்பது வருஷம் நல்ல பேரு வாங்கின கைதான் தூக்கும்.

அந்த நல்ல பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? சேந்த புதுசுல ஒரு மந்திரி தன்னோட மூலநோயப் பத்தி ஏதோ தமாஷா சொல்லிட்டு, "இத எழுதிராதீங்கம்மா"ன்னாரு, தலைவரு சொல்லல, இவ விதிப்படி எழுதிட்டா. சபேசன் சார், ரிப்போர்ட்டருங்களுக்கெல்லாம் மேல இருக்குறவரு, முப்பது வருஷமா அந்தக் கட்டடத்துல தமிழ்ல திட்டுற ஒரே மனுஷன், அந்தப் பக்கத்த எல்லாரும் பாக்கக் கிழிச்சு அவ டம்ளர்ல போட்டாரு. தண்ணி இருந்த டம்ளர். "விதியெல்லாம் எனக்கு நீ சொல்லாத. பெரிய மனுஷன் கண்ணக் காட்டினா கை நிக்கணும். நிக்கலன்னா நீ ஊர்ல போய் மீன் கழுவு"ன்னாரு. எட்டு பேரு சிரிச்சாங்க. அன்னைக்குக் கத்துக்கிச்சு கை. நாய்க்கு ஒரு அடி போதும், இவளுக்கும் ஒண்ணு போதுமா இருந்துச்சு. அதுக்கும் முன்னாடி, டவுன் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச காலத்துல, இந்தக் கை எல்லாத்தயும் எழுதும். தொம்மைதான் படிச்சுக் காட்டுவான். எட்டாங்கிளாஸோட நின்னவன், இங்கிலீஷ் பேப்பர வெரல் வெச்சு எழுத்துக்கூட்டி வாசிப்பான், வலைநூல் வாடை அடிக்கிற வெரலு, நடுவுல வேணும்னே, "பிரைம் மினிஸ்டர் சொன்னாரு, தொம்மைக்குப் பசிக்குது, தங்கச்சி சோறு போடலன்னு சொன்னாரு"ம்பான், இவ அதயும் சேத்து எழுதிட்டு வாசிச்சுக் காட்டுவா. "பரவால்ல புள்ள, நான் சொன்னது ஒண்ணயும் விடல நீ"ம்பான். ஒண்ணயும் விடல. வேணாம், இப்ப அத நெனைக்காத, இப்ப வாக்கியத்தப் புடி. வாக்கியத்த விட்டுறாத. தாசில்தார் வந்து சேர்றப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு. இல்ல, முடிஞ்சிருந்துச்சு. சுடச் சொன்னது மேஜர். எங்க மேஜரா, மேஜர்னு மட்டும் சொன்னாரா? கையெழுத்து அப்புறமா. அப்புறமான்னா சாயங்காலமா, மறுநாளா? ஏதோ சொன்னாரே. ஏதோ ஒரு நேரம் சொன்னாரே!

சீட்டுல உக்காந்து கம்ப்யூட்டரத் தொறந்தா. நோட்டப் பிரிச்சு வெச்சா. எல்லாக் கோடும் வரிசையா, நண்டு நடந்த மணல் மாதிரி நெருக்கமா வந்துட்டு, ஒரு எடத்துல ரெண்டு வெரல் அகலம் வெள்ளையா கெடக்கு, அப்புறம் கம்பளி. அந்த வெள்ளையில பேனாவ வெச்சா என்ன? நாலு கோடு. யாருக்குத் தெரியும்? மை அதே மை, கை அதே கை, சொன்னதும் நெசம். நெசத்த எழுதுறது எப்படி கள்ளத்தனமாகும், சொல்லுங்க. டைப் அடிக்க ஆரம்பிச்சா. கேள்வி வந்துச்சு. "துப்பாக்கிச் சூடு நடந்தபோது சிவில் அதிகாரி யாரேனும் அவ்விடத்தில் இருந்தாரா?" அடிச்சிட்டா. பிரிகேடியர். அந்தப் பேருக்கு நேரா ரெண்டு புள்ளி வெச்சா. வெரலு நின்னுச்சு. என்ன சொன்னாரு? உள்ள தேடுறா. ரூம் இருக்கு, ஸ்பூன் கப்புல தட்டுற சத்தம் இருக்கு, பிரிகேடியரோட நகம் சுத்தமா வெட்டியிருந்தது இருக்கு, வார்த்தை மட்டும் வழுக்குது. எழுதினா இவளுக்கு ஒரு வருஷம் ஆனாலும் மறக்காது, கைதான் ஞாபகம் வெச்சுக்கும், தலை வெறும் வாசல். கை எழுதாதத தலை என்னைக்கு சேத்து வெச்சிருக்கு? "தாசில்தார் அங்கு இல்லை"ன்னு அடிச்சா. இல்லன்னு சொன்னாரா, வந்து சேரலன்னு சொன்னாரா, லேட்டா வந்தாருன்னு சொன்னாரா? லேட்டுன்னா எவ்ளோ லேட்டு? சூடு நடந்தது மூணு தடவ, மொத சூட்டுக்கு இல்லாம மூணாவது சூட்டுக்கு இருந்திருந்தா? தொம்மை எதுல விழுந்தான்? யோசிக்க யோசிக்க வாக்கியம் தேயுது, அந்த பிஸ்கட்டு மாதிரி, ஸ்பூன் பட பட கரையுது. ஆனா ஒண்ணு தேயல. தாசில்தார் அங்க இல்ல. அது மட்டும் கல்லு மாதிரி கெடக்கு. சாகற வரைக்கும் அத மறக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். அத மட்டுமாவது அடி. அடிச்சா. "சூடு நடந்தபோது தாசில்தார் அங்கு இல்லை. கையெழுத்து பின்னர் பெறப்பட்டது." அடிச்சிட்டு பாத்தா. திரையில அந்த ஒன்றரை வரி, மத்த வரி மாதிரியே, அதே எழுத்து, அதே கறுப்பு, எவ்ளோ சாதாரணமா இருக்கு! இத வெச்சு கமிட்டி அறிக்கை எழுதலாம், அறிக்கைய சபையில வைக்கலாம், மதினி அந்தப் பக்கத்த எடுத்துட்டுப் போய் ஊர்ல ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் நிக்கலாம். மதினி அல்போன்சா, தொம்மையோட பொண்டாட்டி. ஊர்ல செத்த மத்த ஆறு பேரையும் ஒரே வரிசையில அடக்கம் பண்ணிட்டு, தொம்மைய மட்டும் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமா, குப்பை எரிக்கிற எடத்துக்குப் பக்கத்துல வெச்சாங்க. அவன் பாயாம இருந்திருந்தா இந்த ஆறும் உசுரோட இருந்திருக்கும்ங்குறது ஊரோட கணக்கு. பூசையில மதினி பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. மகனப் பறிகுடுத்த ஒருத்தி அவ மூஞ்சிக்கு நேரா, "ஒம் புருசன் கைய நீட்டினதுக்கு எம்புள்ள செத்தான்"னு துப்பினா. மதினி தொடைச்சிட்டு வந்து போன்ல சொன்னா, அழுவாம சொன்னா.

சரி, வெச்சிருவோம், இந்த ஒன்றரை வரிய வெச்சிருவோம்னுதான் இருந்தா. ஆனா பயம் எங்கேர்ந்துதான் வருமோ, அது இங்க காலுக்கடியில ஏசி காத்து மாதிரி வந்துச்சு. இந்தப் பக்கம் பிரிகேடியர்கிட்ட போகும். சாட்சிக்கு ஒரு காப்பி அனுப்பி, தப்பிருந்தா திருத்திக் குடுங்கன்னு கேக்குறது இவங்க வழக்கம். அவரு பாப்பாரு. "நான் இத சொல்லல, ரிப்போர்ட்டர் நோட்டக் கொண்டாங்க"ம்பாரு. நோட்டக் கொண்டு போவாங்க. ரெண்டு வெரல் வெள்ளை. யாரு இந்த ரிப்போர்ட்டர், எந்த ஊரு? அலையந்துறை. அப்பன் பேரு? வழக்குல செத்தும் முதல் குற்றவாளியா நிக்கிற தொம்மைக்கும் அதே அப்பன் பேரு. டர்ன் வேற மாத்தி வாங்கியிருக்கா, டாக்டர்னு பொய் சொல்லி. அப்ப வேல போகும், வழக்கு வரும், அதக் கூட விடுங்க. செத்தவனோட தங்கச்சி பொய்யா எழுதிட்டான்னு ஆயிட்டா, அதுக்கப்புறம் யாரு வந்து நெசத்தச் சொன்னாலும் அந்தப் பொய்யோட சேத்துக் கட்டிருவாங்களே! அப்ப இவ தொம்மைக்கு நல்லது செய்யத்தான் இத எடுக்குறா. பாருங்க, எவ்ளோ சுத்தமா ஒரு காரணம் கெடச்சிருச்சு! தொம்மைக்காகத்தான். மதினிக்காகத்தான். வெரலு அந்த அழிக்கிற பட்டன் மேல போய் உக்காந்துச்சு. இல்ல, இரு, வயசான மெம்பர்கிட்ட போய்க் கேக்கலாமே, ஐயா நீங்க கேட்டீங்களே, அவரு பதில் சொன்னாரே, ஞாபகம் இருக்கான்னு. போலாம். எந்திரிச்சு போலாம். அவரு சும்மா தலைய ஆட்டிட்டு, "யாரும்மா நீ?"ம்பாரு. தலைவர்கிட்ட போலாம். ஐயா, நீங்க எழுதாதன்னு சொல்லல, நான்தான் தப்பா நிறுத்திட்டேன், சாட்சிய மறுபடி கூப்பிட்டுக் கேளுங்க. இது முடியுற காரியம்! இதுக்கு விதி இருக்கு! கூட்டம் இன்னும் நடக்குது, பிரிகேடியர் இன்னும் அதே நாற்காலியிலதான் இருக்காரு, கதவு வரைக்கும் நாப்பது அடி, ஒரு சீட்டுல எழுதி உள்ள அனுப்பினாப் போதும். என் தப்பு, பதிவில் விட்டுப்போனது, மறுபடி கேக்கவும். ஒம்பது வார்த்தை கூட வராது. சீட்ட எடுத்தா. என் தப்புன்னு எழுதணும். தப்புங்குற வார்த்தைக்கு சுருக்கெழுத்துல ஒரு சின்னக் கொக்கி. டம்ளர்ல மெதந்த அந்தப் பக்கம் கண்ணுல வந்துச்சு. எட்டு பேரு சிரிப்பு வந்துச்சு. வெக்கமா இருந்துச்சுங்க. அண்ணன் செத்தது அங்க நிக்குது, இவளுக்கு வெக்கமா இருந்துச்சு, வேலையில தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்க, அவ்ளோதான் விஷயம், அத விடப் பெருசா ஒண்ணும் இல்ல. சீட்ட மடிச்சு பைக்குள்ள வெச்சா. வெரலு பட்டன அமுக்குச்சு. ஒன்றரை வரி பின்னாலேருந்து ஒவ்வொரு எழுத்தா உள்வாங்கிக்கிட்டுப் போய், பிரிகேடியர் பேரு, ரெண்டு புள்ளி, அதுவும் போய், வயசான மெம்பரோட கேள்வியும் பதில் இல்லாம நின்னா அசிங்கமா இருக்கும்னு அதயும் எடுத்துட்டு, கம்பளியோட சேத்துட்டா. தையல் தெரியல. நல்ல கை.

சபேசன் சார் பக்கத்த வாங்கி கண்ணாடிய நெத்தியிலேர்ந்து எறக்கினாரு. அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு, எட்டு பேரோட பக்கத்தயும் ஒட்டி ஒரே கோப்பாக்குறது அவரு வேல, ஒட்டுற எடம் மட்டுந்தான் பாப்பாரு. ஆனா கையில பக்கத்தத் தூக்கிப் பாத்தவரு, "என்னம்மா, ஒன்றரைப் பக்கந்தான் இருக்கு? எல்லாருக்கும் ரெண்டு வருது"ன்னாரு. கேக்குறாரு. இதோ வாசல தொறந்துட்டாரு, சொல்லிரு, இப்ப சொன்னாக் கூட கூட்டம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. "சாட்சி மெதுவாப் பேசினாரு சார்." "ம்." "நிறுத்தி நிறுத்திப் பேசினாரு." "ம்ம். மிலிட்டரிக்காரன் அப்படித்தான், அளந்துதான் பேசுவான். நம்ம மெம்பருங்க மாதிரியா, வாயத் தொறந்தா டேம் தொறந்த மாதிரி." சிரிச்சாரு. இவளும் சிரிச்சா, உதடு ஓரம் வலிச்சுது. "அந்த அலையந்துறை விஷயம் உன் டர்ன்லதான வந்திருக்கணும்? பட்டியல் அப்படித்தான் சொல்லுது." "கேட்டாங்க சார். பதிவுக்கு வேணாம்னுட்டாரு." "தலைவரா?" ஒரு செகண்டு. அந்த ஒரு செகண்டுல காரிடார்ல யாரோ இருமினாங்க, ஜன்னலுக்கு வெளிய பெரிய புல்வெளியில தண்ணி சுத்திச் சுத்தித் தெளிக்குது, புல்லுக்கு எவ்ளோ தண்ணி, லாரி லாரியா தண்ணி. "ஆமா சார். தலைவர்தான்." "அப்ப சரி. நீ விட மாட்டன்னு எனக்குத் தெரியும். அந்த எடத்துல கை நிக்கணும்னா உன் கைதான் நிக்கும், புதுசுங்கள உக்கார வெச்சிருந்தா இன்னைக்கு நமக்கு ராமாயணம். வர்ற மாசம் சீனியர் போஸ்ட்டுக்கு உம் பேரத்தான் எழுதப் போறேன், சும்மா சொல்லல." பக்கத்தத் தட்டி நேராக்கி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு வெச்சு, கிளிப் மாட்டினாரு. கிளிப்பு சத்தம் டக்குன்னு கேட்டுச்சு. கேட்டதும் இவளுக்கு, சத்தியமா, பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. பசி கூட எடுத்துச்சு. அந்தப் பசிய அவ தனக்குள்ள பாத்துட்டா. பாத்தும் அது போகல.

லாக்கர்லேர்ந்து போன எடுத்தா மதினியோட வாய்ஸ் மெசேஜ் மூணு. கேக்காமலே வெச்சிரலாம், சாப்பிட்டுட்டு கேக்கலாம், இருந்தாலும் ஒண்ணத் தட்டினா, பஸ்ஸுக்குள்ள சத்தம் மாதிரி கூட்டமா ஏதோ கேக்குது, ஒண்ணும் புரியல, சரின்னு இவளே போன் போட்டா. ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டா மதினி. "ஏ புள்ள ஜெசி, கூட்டம் முடிஞ்சுட்டா? சாமியார் சொன்னாவ, இன்னைக்குத்தான் மிலிட்டரிக்காரவியள கூப்ட்டு விசாரிக்காவன்னு. நீ உள்ளதான இருந்த? ஒங்கண்ணன் பேரு வந்துச்சா? யாராவது கேட்டாவளா, தாசில்தார் அங்கன இருந்தாரான்னு? நான் இங்க கோயில் நடையிலதான் நிக்கேன், காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல, நல்ல சேதி வந்தா குடிக்கலாம்னு நிக்கேன்." ஜெசிந்தா சுவத்துல சாஞ்சா. பளிங்கு சில்லுன்னு முதுகுல ஏறுச்சு. தலைக்குள்ள வாக்கியம் இப்ப ஒரு பெசகும் இல்லாம, முழுசா, பிரிகேடியரோட குரல்லயே ஓடுது, நேரங்கூட வந்துருச்சு, சாயங்காலம் ஆறு மணின்னு சொன்னாரு, ஆறு மணிக்கு டென்ட்ல வெச்சு கையெழுத்து வாங்கினோம்னு சொன்னாரு. இப்ப வருது! கிளிப்பு மாட்டினதுக்கப்புறம் வருது! "மதினி," ன்னா. "சொல்லு புள்ள." "நான் உள்ள இல்ல மதினி. என் முறை வரல. வேற ஆளு எழுதுனாங்க." காத்து மட்டும் போன்ல மோதுது, கடக்காத்து, இங்க வரைக்கும். அப்புறம் மதினி மூச்ச இழுத்து விட்டுட்டு, இவளத் தேத்துற மாதிரி சொன்னா. "சரி விடு. ஒன்னால என்ன செய்ய முடியும்? மனசக் கஷ்டப்படுத்திக்காத, கேட்டியா. நீ மட்டும் அங்கன இருந்திருந்தா விட்டிருப்பியா? ஒங்கண்ணன் சொல்லுவாவ, எந் தங்கச்சி ஒரு வார்த்தைய விட மாட்டான்னு. போ, போய் சோறு தின்னு." வெச்சிட்டா. ஜெசிந்தா போன காதுலேர்ந்து எடுக்கல. கேன்டீன்லேர்ந்து சாம்பார் வாசனை வருது. கால் அந்தப் பக்கந்தான் திரும்புது.

சொல்லுங்க, உங்களுக்கும் இப்படி ஆயிருக்கா? யாரும் கையப் புடிக்கல, வாயப் பொத்தல, மெரட்டக் கூட இல்ல, சொல்லணும்னே பாடுபட்டு அந்த எடத்துல போய் உக்காந்தவங்க நீங்க, சரியா அந்த நேரம் பாத்து உங்க கை தானா எழும்பி, சமத்தா, காத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சா? அதுக்கப்புறம் நீங்க கைகழுவிட்டு சாப்பிட உக்காந்தீங்களா, இல்லையா?